ராட்டினத்தின் பொறியியல்

விளாத்திகுளம் வட்டாரத்தில் சித்திரை வெயில் ஏறும்போது கரிசல் நிலம் வெடித்துப் பிளப்பதை நேயர்கள் அறிவார்கள். ஆட்டுக்குட்டியின் கால் இறங்கிவிடும் அளவுக்குச் சில வெடிப்புகள் அகன்றுவிடுகின்றன. ஐப்பசி மழை விழுந்ததும் அதே நிலம் உப்பி எழ, பிளவுகள் மூடிக்கொள்கின்றன. பருத்திக்கும் கம்புக்கும் மிளகாய்க்கும் உகந்த இம்மண், தன்மேல் எழுப்பப்படும் சுவருக்கு உகந்ததன்று. ஆண்டுக்கொரு முறை சுருங்கி, ஆண்டுக்கொரு முறை விரியும் தரையின்மேல் எந்தச் சுவர்தான் கீறாமல் நிற்கும்?

இந்த மண்ணின்மேல்தான் கொடைக்கும் திருவிழாவுக்கும் ராட்டினம் வந்து நிற்கிறது. ராட்டினக்காரர் வந்தவுடன் வண்ண விளக்குகளைக் கட்டுவதில்லை. தரையை மிதித்துப் பார்க்கிறார். ஒவ்வொரு காலின் அடியிலும் கனத்த கட்டைகளை அடுக்கிச் சுமையைப் பரப்புகிறார், மட்டம் பார்க்கிறார், அதன் பின்னரே சக்கரத்தை ஏற்றுகிறார். கல்லூரியில் அடித்தளவியல் என்ற பெயரில் கற்பிக்கப்படும் பாடத்தின் முதல் அத்தியாயம் இதுவேயாகும்.

மாணவ நண்பர்களே! கேளிக்கைப் பூங்காக்களையும் அவற்றின் பொறிகளையும் வடிவமைக்கும் தொழிலின் வரலாற்றைப் பற்றி இன்று பேசப் புகுகிறேன். "ராட்டினம் சுற்றவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். பாலம் கட்டுபவனுக்கு உள்ள மதிப்பு ராட்டினம் கட்டுபவனுக்கு நம்மிடையே இல்லை. ஆனால் பாலத்தின்மேல் செல்பவன் தன் கால்களின்மேல் நிற்கிறான். ராட்டினத்தில் ஏறுபவனோ தன் உடல் முழுவதையும் வேறொருவருடைய கணக்கின் பொறுப்பில் விட்டுவிடுகிறான். இவ்விரண்டில் எது பெரிய பொறுப்பு என்பதை வரலாற்றைக் கேட்டபின் நீங்களே தீர்மானியுங்கள்.

மனிதரைத் தூக்கிச் சுழற்றும் சக்கரம் மிகப் பழையது. 1615இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பீட்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி, நோன்புத் திருவிழாவில் இத்தகைய சக்கரத்தில் ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். 1620இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், இன்று பல்கேரியாவில் உள்ள பிலோவ்டிவ் நகரில் அதையொத்த ஒன்றைக் கண்டு குறித்திருக்கிறார். இந்தச் சக்கரங்களை மனிதக் கைகளே சுற்றின. நம் ஊர்த் திருவிழாக்களில் நான்கு தொட்டில்களோடு சுற்றிய மர ராட்டினத்துக்கு இவை நெருங்கிய உறவு.

ஆயினும் களிப்புக்காகப் பெருஞ்சுமையை இயக்கும் வித்தையைக் கற்கத் தமிழர் வெளிநாட்டுக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. தேர் அந்த வித்தைதான். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரங்களுடன் 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் கொண்டது. அதை இழுப்பதற்குப் பல்லாயிரம் கைகள் உண்டு, நிறுத்துவதற்கு? சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடும் சிலரே அதற்குப் பொறுப்பு. எத்தருணத்தில், எந்தச் சக்கரத்துக்கு, எந்தச் சாய்வில் கட்டையை இடுவது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நம் மொழி அவர்களுக்குச் செய்த கைம்மாறு விந்தையானது. காரியத்தைக் கெடுப்பவனை நாம் "முட்டுக்கட்டை போடுகிறவன்" என்கிறோம்! 1980களின் இறுதியில் திருச்சி பெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். கொதிகலன் செய்வோர் தேருக்குத் தடை அமைத்த இச்செயலைத் தமிழ்நாட்டுப் பொறியியல் வரலாற்றில் ஒரு நல்ல பக்கமாகக் கொள்ள வேண்டும்.

இனி 1893ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் கண்காட்சிக்காக எழுந்த ஈபெல் கோபுரம் உலகை வியக்க வைத்திருந்தது. அதற்கு ஈடாக ஏதேனும் செய்யுங்கள் என்று கண்காட்சியின் தலைமைக் கட்டடக் கலைஞரான டேனியல் பர்ன்ஹாம் அமெரிக்கப் பொறியாளர்களுக்கு அறைகூவல் விடுத்தார். அதற்கு விடையளித்தவர் ஜார்ஜ் பெர்ரிஸ். அவருடைய தொழில் யாது தெரியுமா? பாலங்களுக்குச் செல்லும் எஃகைச் சோதித்துச் சான்று வழங்குவது. எஃகு எங்கே முறியும் என்பதை நாள்தோறும் கண்டவர் அவர்.

அவர் எழுப்பிய சக்கரத்தின் விட்டம் 250 அடி. தரையிலிருந்து உச்சி 264 அடி. அதில் 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். ஒரே சமயத்தில் 2,160 பேர் ஏறலாம். அச்சு மட்டும் 45 அடிக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 45 டன் எடையும் கொண்டது. ஆரக்கால்கள் மிக மெல்லியவை. சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல அவை இழுவிசையால் வேலை செய்தன. இவ்வளவு மெல்லிய கம்பிகள் தாங்கா என்று பலர் ஐயுற்றனர். சக்கரத்தைவிடத் தரையே அவருக்குப் பெருந்தொல்லை கொடுத்தது. சிகாகோவின் கடுங்குளிரில் நிலம் உறைந்து கிடந்தது. அதன் கீழே சேற்று மணல். நீராவியைச் செலுத்தி நிலத்தை உருக்கி, ஊற்றிய கான்கிரீட் உறையாமலும் நீராவியால் காத்து அடித்தளம் இட்டார்கள். கட்டையை அடுக்கும் நம் ராட்டினக்காரருக்கும் பெர்ரிஸுக்கும் இருந்த கவலை ஒன்றே.

கண்காட்சி மே முதல் தேதி திறந்தது. சக்கரமோ ஜூன் 21ஆம் தேதிதான் சுழன்றது. 50 சென்ட் கட்டணத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறி மகிழ்ந்தனர். இலாபத்தைப் பற்றிய வழக்குகளில் சிக்கிய பெர்ரிஸ், 1896இல் தம் 37ஆம் வயதில் காலமானார். சக்கரமும் 1906இல் தகர்க்கப்பட்டது.

சக்கரத்துக்கு அடுத்தது சறுக்குப் பாதை. ரஷ்யர்கள் பனிமேடுகளில் சறுக்கி விளையாடியதே இதன் மூலம். 1884இல் நியூயார்க்கை அடுத்த கோனித் தீவில் லமார்கஸ் தாம்சன் மரத்தாலான ஏற்ற இறக்கப் பாதையில் வண்டிகளை ஓடவிட்டார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு ஆறு மைல் அளவே. விளாத்திகுளம் சாலையில் ஓடும் ரேக்ளா வண்டி அதை எளிதில் முந்திவிடும்! வேகத்தைக் கூட்ட முடியாமல் தடுத்தது ஓர் அச்சம்: மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடுமே! ஜான் மில்லர் என்பவர் இதற்குத் தீர்வு கண்டார். தண்டவாளத்தின் அடிப்புறத்தையும் பற்றிக்கொள்ளும் சக்கரங்களுக்கு அவர் 1919இல் காப்புரிமை பெற்றார். இன்றும் ரோலர் கோஸ்டர் வண்டிகளின் சக்கரங்கள் தண்டவாளத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் பற்றிக்கொண்டே ஓடுகின்றன. சங்கிலி இழுக்க வண்டி மேலேறும்போது "டக், டக்" என்றோர் ஓசை கேட்குமே, அச்சமூட்டுவதற்காக எழுப்பப்படும் ஓசையன்று அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி ஓடாதபடி பல்லில் விழும் கொக்கியின் ஓசை அது.

தலைகீழாகச் சுற்றும் வளையத்தின் கதை பௌதிகம் பயிலும் மாணவர்களுக்குச் சுவைதரும். 1895இல் கோனித் தீவில் முழு வட்டமான வளையம் ஒன்றை அமைத்தார்கள். ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். காரணத்தை நீங்களே கணக்கிடலாம். வட்டத்தின் உச்சியில் பயணி இருக்கையைவிட்டு விழாதிருக்க ஒரு குறைந்த அளவு வேகம் தேவை. உச்சியில் அவ்வேகம் இருக்குமானால், ஆற்றல் அழிவின்மை விதிப்படி அடியில் வேகம் மிகுந்து, அங்கே அவர் தம் எடையைப்போல் ஆறு மடங்கை உணர்வார். 50 கிலோ எடையுள்ள மாணவன் ஒரு கணத்தில் 300 கிலோ ஆகிவிடுகிறான்! நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் நொடியிலேயே அச்சுமை திடீரெனத் தாக்குகிறது.

இதற்கு விடை கிடைக்க ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. இரயில் பாதை வளைவுகளை அமைப்போர் நெடுங்காலமாகப் பயன்படுத்திய, சிறிது சிறிதாக இறுகும் சுருள்வளைவை வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் செங்குத்து வளையத்துக்குக் கையாண்டார். அடியில் விரிந்தும் உச்சியில் குறுகியும் நீர்த்துளி போன்று அமைந்த அவ்வளையம், அன்டன் ஷ்வார்ஸ்கோப்பின் தொழிற்சாலையில் உருவாகி, 1976இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்டது. புதிய உலோகம் எதுவும் தேவைப்படவில்லை. பழைய கணிதமே புதிய இடத்தில் போய் அமர்ந்தது.

இவை பொறிகளின் கதை. பூங்காவுக்குக் கதையும் வேண்டும். 1955 ஜூலை 17இல் வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது, திரைப்படத்துக்கு அரங்கம் அமைத்த ஓவியர்களையும் பொறியாளர்களையும் ஒரே மேசையில் அமர்த்தியிருந்தார். பார்வையாளன் கதையைப் பார்க்காமல், அதனுள் நடந்து செல்ல வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. திருவிழாவில் கோபுரவாசலைக் கடந்து நடக்கும் நமக்கு இது முற்றிலும் புதிய கருத்தன்று.

இந்தியாவிலும் திரைப்படத்திலிருந்து பூங்காவுக்கு ஒரு பாதை சென்றது. நவோதயா நிறுவனத்தின் "மை டியர் குட்டிச்சாத்தான்" 1984இல் வெளிவந்தது. அதில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பார்கள். கலை இயக்குநர் கே. சேகர் ஓர் அறையையே இரும்புச் சட்டத்துக்குள் அமைத்துச் சுழலச் செய்தார். காமிராவும் அறையோடு சேர்ந்து சுழன்றது. சுருங்கச் சொன்னால், அது அறை வடிவிலான ராட்டினம்! அதே நவோதயா அப்பச்சன் 1995இல் சென்னை தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா என்ற பூங்காவை ஏற்படுத்தினார். தில்லியில் அப்பு கர் 1984இலும், மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு 1989இலும் தோன்றின. மின்னழுத்தச் சீராக்கிகள் செய்து பெயர்பெற்ற கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000ஆம் ஆண்டில் கொச்சியில் தொடங்கிய பூங்கா இன்று வொண்டர்லா என்ற பெயரால் வழங்குகிறது. அந்நிறுவனம் தனக்கு வேண்டிய ராட்டினங்களிற் பலவற்றைத் தானே வடிவமைத்துச் செய்துகொள்கிறது என்பதை இத்தொழிலை நாடும் மாணவர் கவனிக்க வேண்டும்.

இத்தொழிலுக்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டுவதில்லை. எந்திரவியல், கட்டடவியல், மின்னியல் ஆகியவை போதும். கோவில்பட்டிக்கருகே 1984இல் தோன்றிய நேஷனல் பொறியியற் கல்லூரி போன்றவற்றிலேயே அவற்றைக் கற்கலாம். வரைகலையில் நாட்டமுள்ளோர்க்கு அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் கண்காட்சி வடிவமைப்பைப் பயிற்றுவிக்கிறது. கண்ணைத் திறந்து வைத்திருப்போர்க்குச் சுற்றுப்புறமும் பாடசாலையே. ஒரு பகுதியிலுள்ள இரயில் வெளியேறும் வரை அடுத்த இரயிலை அதனுள் விடாத முறை கோவில்பட்டி வழியாகச் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது. ரோலர் கோஸ்டரிலும் அம்முறையே இரு வண்டிகள் மோதாமல் காக்கிறது. கயத்தாற்றுக் காற்றாலைகளின் பெரும் இறக்கைகள் ஓயாமல் சுழலும்போது போல்ட்டுகளிலும் பற்றவைப்புகளிலும் ஏற்படும் அயர்வும், ராட்டினத்தில் ஏற்படும் அயர்வும் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கேளா ஒலியால் கண்டறியும் கருவியும் இரண்டுக்கும் ஒன்றே.

கரிசல் மண்ணுக்கும் விடை உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் 1950களில் இத்தகைய நிலங்களுக்காகவே ஒரு தூண் முறையை வகுத்தார்கள். நிலத்தில் குறுகிய துளையிட்டு, அதன் அடிப்பகுதியை மட்டும் குமிழ்போல் அகலப்படுத்தி, கம்பியும் கான்கிரீட்டும் நிரப்புவார்கள். மேல்மண் சுருங்கலாம், உப்பலாம்; மூன்று மூன்றரை மீட்டர் ஆழத்தில், ஈரம் மாறாத அடுக்கில் பதிந்த குமிழ் அசைவதில்லை. மேல்மண் உப்பித் தூணை மேலே தூக்க முயன்றாலும் அக்குமிழே நங்கூரமாகிப் பிடித்து நிறுத்துகிறது. இம்மண்ணோடு வளர்ந்த மாணவனுக்கு, அந்தக் குமிழ் ஏன் தேவை என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிராது.

புதிய ரோலர் கோஸ்டர் ஒன்றைக் கட்டி முடித்ததும் மனிதரை உடனே ஏற்றிவிடுவதில்லை. ஒவ்வோர் இருக்கையிலும் மனித எடைக்கு ஈடான மணல் மூட்டையையோ நீர் நிரப்பிய பொம்மையையோ கட்டி, வண்டியை மீண்டும் மீண்டும் ஓடவிடுகிறார்கள். அதிர்வையும் வேகத்தையும் கருவிகள் பதிந்துகொள்கின்றன. வடிவமைத்தவர் கீழே நின்று, தம் தாளில் உள்ள எண்ணையும் கருவி காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பூங்கா திறந்த பின்னரும் நாள்தோறும் காலையில் வாயிற்கதவு திறப்பதற்கு முன், தொழில்நுட்பர் ஒருவர் கைவிளக்கோடு தண்டவாளத்தின் ஓரமாக நடந்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறார். அவர் ஏட்டில் கையெழுத்திட்ட பிறகு, வெறும் வண்டி முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது.