வானதூதரின் ஒன்பது அணிகள்

வானதூதரின் ஒன்பது அணிகள் என்பது கிறித்தவ மரபில் வானதூதர்களை மேலிருந்து கீழாக வகுத்துக் கூறும் வரிசை ஆகும். வானதூதரைத் தமிழகக் கத்தோலிக்கர் சம்மனசு என்றும் அழைப்பர். அவர்களுடைய பழைய செபங்களில் இவ்வணிகள் பக்திசுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர், நாதகிருத்தியர், சத்துவகர், பலவத்தர், பிராதமிகர், அதிதூதர், தூதர் எனப் பெயர் பெறுகின்றன. விவிலியத்தில் இவ்வரிசை எந்த ஓரிடத்திலும் முழுமையாக இல்லை. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன், தம் பெயரை மறைத்து எழுதிய ஒருவர் இதை வகுத்தார். விண்ணுலகைப் பற்றிய அவருடைய நூல் பிற்காலத்தில் மண்ணுலக அதிகாரத்துக்கும் சான்றாக எடுத்தாளப்பட்டது.

விவிலியத்தில்

விவிலியத்தில் இப்பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆறு சிறகுகள் கொண்ட சேராபீன்கள் எசாயா 6ஆம் அதிகாரத்தில் வருகின்றனர். ஏதேன் தோட்டத்தைக் காக்கும் கெருபுகளைத் தொடக்கநூல் குறிப்பிடுகிறது. அரியணையர், தலைமையர், ஆட்சியர், அதிகாரர் ஆகிய பெயர்கள் கொலோசையர் திருமுகத்தில் உள்ளன. எபேசியர் திருமுகத்திலும் இதையொத்த ஒரு பட்டியல் உண்டு. ஆனால் இவர்களுள் யார் மேல், யார் கீழ் என்று இந்நூல்கள் கூறவில்லை. தூதர் என்பதும் செய்தி கொண்டு செல்லும் பணியைக் குறிக்கும் சொல்லே.

நூலும் ஆசிரியரும்

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ கிரேக்க மொழியில் 'விண்ணகப் படிநிலை' என்னும் நூல் தோன்றியது. அதன் ஆசிரியர் தம்மைத் தியோனிசியு என்று காட்டிக்கொண்டார். ஏதென்சு நகரில் பவுலின் உரையைக் கேட்டு மனம் மாறியவராகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறும் அரயோப்பாகு மன்ற உறுப்பினரின் பெயர் அது. பவுலின் சீடரே எழுதியது என்று நம்பப்பட்டதால் நூலுக்குப் பெருமதிப்புக் கிடைத்தது. புனித ஒழுங்கு அல்லது படிநிலை என்னும் பொருளுடைய 'ஹியரார்கியா' என்ற கிரேக்கச் சொல்லை உருவாக்கியவரும் இவரே.

மூன்று மும்மைகள்

தியோனிசியு ஒன்பது அணிகளையும் மும்மூன்றாகப் பிரித்தார். முதல் மும்மையினர் கடவுளுக்கு மிக அருகில் உள்ளவர்கள். இவர்களுள் சேராபீன் என்பதற்கு எரிபவர் என்றும், கெருபு என்பதற்கு ஞானம் நிறைந்தவர் என்றும் பொருள் கூறினார். பக்திசுவாலகர், ஞானாதிக்கர் என்னும் தமிழ்ப் பெயர்கள் இந்த விளக்கத்தையே தாங்கியுள்ளன. இடை மும்மையினர் நாதகிருத்தியர், சத்துவகர், பலவத்தர். மனிதருடன் தொடர்பு கொள்வோர் பிராதமிகர், அதிதூதர், தூதர் ஆகிய கடை மும்மையினர்.

கடவுளின் ஒளி மேல் அணியிலிருந்து அடுத்த அணிக்கு, படிப்படியாகவே இறங்கும் என்பது இதன் அடிப்படை விதி. அப்படியானால் மிக உயர்ந்த சேராபீன் ஒருவர் நேரே வந்து எசாயாவின் உதடுகளைத் தொட்டது எவ்வாறு? இக்கேள்விக்குத் தியோனிசியு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். வந்தவர் கீழ்நிலைத் தூதராக இருக்கலாம், அந்தத் தூய்மையாக்கும் ஆற்றல் சேராபீனுக்கு உரியதாதலால் அவர் பெயர் சொல்லப்பட்டது என்பது அவர் தரும் விளக்கங்களுள் ஒன்று.

எல்லோரும் ஒரே வரிசையைப் பின்பற்றவில்லை. திருத்தந்தை முதலாம் கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்பது அணிகளை ஏற்றார். ஆனால் சத்துவகரையும் பிராதமிகரையும் இடம் மாற்றி வைத்தார். இவ்விரு வரிசைகளையும் 13ஆம் நூற்றாண்டில் தாமசு அக்குவினாசு ஒப்பிட்டு ஆராய்ந்தார். கிரகோரியார் விண்ணுலகம் சேர்ந்ததும் தம் பிழையை உணர்ந்து சிரித்தார் என்று தாந்தே தம் காவியத்தில் எழுதினார்.

மண்ணுலகில் படிநிலை

திருச்சபையிலும் இதே ஒழுங்கு உண்டு என்று தியோனிசியு மற்றொரு நூலில் எழுதினார். ஆயர், குரு, திருத்தொண்டர் ஆகியோர் மேல் நிலையிலும், துறவியர், பொதுமக்கள் முதலியோர் அவர்களுக்குக் கீழும் வைக்கப்பட்டனர். குரு ஒருவரைக் கண்டித்த துறவிக்கு அவர் எழுதிய கடிதமும் உள்ளது. குரு தவறு செய்திருந்தாலும் கீழ்நிலையில் உள்ளவர் அவரைத் திருத்தக்கூடாது என்பது அதன் கருத்து.

பைசாந்தியப் பேரரசர் 827இல் பிராங்கு நாட்டு மன்னருக்கு இந்நூல்களை அனுப்பினார். பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு இவை மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவின. பிரான்சு மன்னர் நான்காம் பிலிப்புடன் மோதிய திருத்தந்தை எட்டாம் போனிபாசு 1302இல் வெளியிட்ட ஆணையில் தியோனிசியுவைச் சான்றாகக் காட்டினார். கடைநிலையில் இருப்பவை இடைநிலை வழியாகவே உயர்நிலையை அடையும். ஆதலால் அரசதிகாரம் ஆன்மிக அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டது என்று அவர் வாதிட்டார்.

ஐயமும் ஆய்வும்

இந்நூல்கள்மீது தொடக்கத்திலேயே ஐயம் எழுந்தது. 532இல் கான்சுடாண்டிநோபிளில் நடந்த விவாதத்தில், இவை உண்மையானவையானால் முன்னோராகிய அத்தனாசியாரும் சிரிலும் இவற்றை அறியாமல் இருந்தது ஏன் என எபேசு ஆயர் இப்பாசியு கேட்டார். பல நூற்றாண்டுகளுக்கு அக்கேள்வி எடுபடவில்லை. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா மீண்டும் ஐயம் எழுப்பினார். அவருடைய குறிப்புகளை எராசுமசு 1505இல் பதிப்பித்தார். தியோனிசியு கிறித்தவரைவிடப் பிளேட்டோவையே மிகுதியாகப் பின்பற்றியவர் என்று 1520இல் மார்ட்டின் லூதர் கடிந்துரைத்தார். இறுதியாக 1895இல் கோக், சுடிக்ல்மயர் என்னும் செருமானிய அறிஞர் இருவர், தனித்தனியே ஆராய்ந்து, நூலாசிரியர் மெய்யியலாளர் புரோக்ளசின் எழுத்துகளிலிருந்து கருத்துகளை எடுத்தாண்டதை நிறுவினர். புரோக்ளசு இறந்த ஆண்டு 485. எனவே நூலாசிரியர் பவுலின் சீடராக இருக்க இயலாது.

இன்று

கத்தோலிக்கத் திருச்சபை 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், வானதூதர் இருப்பதை நம்பிக்கை உண்மையாகக் கூறுகிறது. ஆனால் ஒன்பது அணிகளைப் பட்டியலிடவில்லை. புனித மிக்கேல் செபமாலையில் அவ்வணிகளின் பெயர்கள் இன்றும் சொல்லப்படுகின்றன. 'ஹியரார்கியா' என்ற சொல்லோ வானதூதரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. அலுவலகப் பதவி வரிசைக்கும் ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் அச்சொல்லின் வழிவந்த சொற்களே வழங்குகின்றன. அதை உருவாக்கியவரின் உண்மைப் பெயர் மட்டும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.