கடற்கொள்ளையனுக்குக் குரல் கொடுத்தவர்

கடற்கொள்ளையன் எப்படிப் பேசுவான் என்று வகுப்பில் கேட்டோம். ஒரு மாணவன் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "ஆர்ர்ர்..." என்று உறுமினான். எங்கே படித்தாய் என்றால், "கார்ட்டூன்ல பாத்தேன் சேர்" என்கிறான். கார்ட்டூனுக்கு அது எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் 1950இல் வெளியான ஒரு திரைப்படத்தில் போய் நிற்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் வென்ற பிரித்தானியாவிடம் டொலர் இருக்கவில்லை. (அது என்ன நிலைமை என்று எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை!) ஆகவே அமெரிக்கத் திரைப்படக் கம்பனிகள் அங்கு உழைத்த பணத்தை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தது. முடங்கிய அந்தப் பணத்தை அங்கேயே செலவிட, டிஸ்னி நிறுவனம் ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலை இங்கிலாந்திலேயே படமாக்கியது. இயக்கியவர் பைரன் ஹஸ்கின். முழுக்க முழுக்க நடிகர்களைக் கொண்டு டிஸ்னி எடுத்த முதல் படம் இதுதான்.

ஒற்றைக்கால் கொள்ளையன் லோங் ஜோன் சில்வராக நடித்தவர் ரொபர்ட் நியூட்டன். 1905இல் தென்மேற்கு இங்கிலாந்தின் டோர்செட்டில் பிறந்து, கோர்ன்வோலில் வளர்ந்தவர். லண்டனில் படித்தவர்கள் விழுங்கிவிடும் 'ர்' ஒலியை அந்தப் பக்கத்து மக்கள் அழுத்திச் சொல்வார்கள். தன் ஊர்ப் பேச்சை இன்னும் பெருக்கி, கண்ணை உருட்டி நடித்தார் நியூட்டன்.

குரல் மட்டுமல்ல. படத்தின் இறுதியில் தப்பியோட வந்த சில்வர், சிறுவன் ஜிம்மை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். சுட மனம் வரவில்லை. அதே சிறுவன்தான் படகைத் தள்ளிவிட்டு உதவுகிறான். அயோக்கியன் என்று தெரிந்தும் அவனை வெறுக்க முடியாமல் செய்தது நியூட்டனின் நடிப்பு.

1952இல் 'பிளக்பியர்ட்' வேடத்திலும், 1954இல் அவுஸ்திரேலியாவில் மீண்டும் சில்வராகவும் அதே குரலில் பேசினார். 1956இல், 50 வயதில் மாரடைப்பால் மறைந்தார். அமெரிக்க நண்பர்கள் இருவர் விளையாட்டாகத் தொடங்கிய 'கொள்ளையர் போலப் பேசும் நாள்' செப்டெம்பர் 19இல் வருகிறது. அன்று உலகம் பேச முயல்வது இவருடைய குரலைத்தான்.

உண்மையான கொள்ளைக் கப்பல்களில் தென்மேற்கு இங்கிலாந்துக்காரர் இருந்தார்கள். வேல்ஸ்காரர், அயர்லாந்துக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆபிரிக்கர்களும் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே குரல் இருந்திருக்க வழியில்லை.

உண்மையைச் சொன்னால், பாடத்தைச் சுவையாக்க நாமும் அந்தக் குரலைச் செய்து காட்டியிருக்கிறோம். நியூட்டன் நடிக்கத்தான் செய்தார். அதை வரலாறாக்கியது நாம்.

திரையில் பார்த்து நீங்கள் வரலாறு என்று நம்பியது எது? எழுதுங்கள். அடுத்த பாடத்துக்கு உதவும்.