கல்கத்தா மேடையில் ஒரு கண்ணாடி

நாடகத்துக்கு ஒரு அரசாங்கம் பயப்படுமா? பயந்தது. விக்டோரியா மகாராணி காலத்துக் கல்கத்தாவில் நடந்த கதை இது.

தீனபந்து மித்ரா எழுதிய 'நீல் தர்ப்பண்' 1860-ல் டாக்காவில் ஆசிரியர் பெயர் இல்லாமல் அச்சானது. நீல் என்றால் அவுரி, தர்ப்பண் என்றால் கண்ணாடி. அவுரி பயிரிடச் சொல்லி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வங்க விவசாயிகளைப் படுத்திய பாடுதான் கதை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861-ல் ஒரு மாதம் சிறை, 1000 ரூபாய் அபராதம். அபராதத்தைக் கட்டியவர் காளிபிரசன்ன சிங்கா என்ற வங்க எழுத்தாளர்.

புத்தகத்தைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். மேடைக்கு அது தேவையில்லை. அதுவரை கல்கத்தாவில் வங்க நாடகங்கள் பெரும்பாலும் செல்வந்தர் வீடுகளில், அழைக்கப்பட்டவர்களுக்காகவே நடந்தன. 1872 டிசம்பர் 7 அன்று நேஷனல் தியேட்டர் இளைஞர்கள் ஜோராசாங்கோவில் ஒரு வீட்டு முற்றத்தில் இந்த நாடகத்தை டிக்கெட் விற்று நடத்தினார்கள். பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். காசு கொடுத்த யாரும் பார்க்கலாம் என்பதுதான் புதுமை.

அடுத்த சில ஆண்டுகளில் மேடையின் துணிச்சல் கூடியது. 1876-ல், வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்த ஒரு வக்கீலைக் கேலி செய்து வேறொரு நாடகம் வந்தது. அதே ஆண்டு அரசு நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. இந்திய அரசு அதை நீக்கியது 2018-ல்தான்!