நடை சொல்லும் சாட்சியம்

குடித்தவனை அவன் நடையே காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஊரெல்லாம் ஊறிய நம்பிக்கை. 1897 செப்டம்பரில் லண்டன் நியூ பாண்ட் தெருவில், குடித்திருந்த ஓட்டுநர் ஒருவர் மின்சார வாடகை வண்டியைக் கட்டடத்தின்மேல் மோதினார். அதற்குப் பிறகும் சுமார் எழுபது ஆண்டுகள் பிரிட்டனின் வழக்குகளில் இந்த நம்பிக்கைக்குச் செல்வாக்கு இருந்தது. காவல் நிலையத்துக்கு வரும் மருத்துவர் கோட்டின்மேல் நடக்கச் சொல்வார், கண்ணை மூடி நிற்கச் சொல்வார், நாக்குப் புரளும் சொற்களைச் சொல்லச் சொல்வார். பிறகு தன் அபிப்பிராயத்தை எழுதித் தருவார். இந்த வழக்கத்தை ஓரங்கட்டியது ரத்தப் பரிசோதனையும் மூச்சுக் கருவியும்தான் என்பார்கள். அது பாதி உண்மை. தள்ளாட்டம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன மருத்துவ ஆய்வும் நடையின் சாட்சியத்தைக் கலைத்திருக்கிறது. உடலின் சமநிலை ஒரு கடிகாரத்தில் ஓடுகிறது, ரத்தத்திலுள்ள ஆல்கஹால் வேறொரு கடிகாரத்தில் ஓடுகிறது என்பதே அந்தத் தேடலின் முடிவு.

தேடல் முதலில் மூளையில் தொடங்கியது. பாரிஸில் பியேர் ஃப்ளூரான்ஸ் 1820களில் புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக அகற்றிப் பார்த்தார். பறவைகளின் வலிமை குறையவில்லை, ஆனால் அசைவுகளின் ஒழுங்கு குலைந்து குடித்தவைபோல் தடுமாறின. அவரே பின்னர் உட்செவியின் அரைவட்டக் குழல்களை வெட்டியபோதும் புறாக்களின் தலையசைவும் நடையும் கலைந்தன. ஆனாலும் தலைசுற்றல் என்றால் மூளையில் ரத்தம் தேங்கியதால் வருவது என்றே மருத்துவர்கள் பல காலம் எண்ணியிருந்தார்கள். 1861-இல் புரோஸ்பர் மெனியேர், காது நோயாலேயே கடும் தலைசுற்றல் வரலாம் என்று பாரிஸில் எடுத்துச்சொன்னார். அதன் விளைவு சட்டத்துக்கும் உண்டு. ஒரு சொட்டு மது தொடாதவரும் உட்செவிக் கோளாறால் குடிகாரரைப் போலத் தள்ளாடலாம் என்றால், கோணலாக நடந்ததை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. 1870களில் எர்ன்ஸ்ட் மாக், யோசப் பிராயர், கிரம் பிரவுன் மூவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். தலை திரும்பும்போது குழலுக்குள் இருக்கும் திரவம் பின்தங்குகிறது, அந்த அழுத்தத்தையே உடல் திருப்பமாக உணர்கிறது என்பது அந்த முடிவு.

இந்த அறிவை மதுவோடு இணைத்தவர் வியன்னாவின் ராபர்ட் பாராணி. காதில் வெந்நீரும் குளிர்நீரும் ஊற்றிக் கண்ணசைவைப் பார்க்கும் சோதனையை உருவாக்கியவர். 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது ரஷ்யாவின் போர்க்கைதியாக இருந்தார். குடித்தவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் விழிகள் தாமாகத் துடிப்பதை அவர் 1911-இலேயே பதிவுசெய்திருந்தார். 1956-இல் சுவீடனின் ஆஷானும் சகாக்களும் அந்தத் துடிப்பின் நேரத்தை அளந்தார்கள். குடித்து அரைமணி நேரத்தில் அது தொடங்குகிறது, மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கிறது, இடையில் ஓய்கிறது. ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகு எதிர்த்திசையில் மீண்டும் தொடங்கி, ரத்தத்தில் ஆல்கஹால் அற்றுப்போன பிறகும் தொடர்கிறது. இதற்குக் காரணம் எடை. குழலுக்குள் இருக்கும் கூப்புலா என்ற மென்திரையும் சுற்றியுள்ள திரவமும் இயல்பில் ஒரே அடர்த்தி கொண்டவை, அதனால் புவியீர்ப்பு அந்தத் திரையை அசைப்பதில்லை. ஆல்கஹாலின் அடர்த்தி நீரில் ஐந்தில் நான்கு பங்குதான். ரத்தத்திலிருந்து அது முதலில் திரைக்குள் புகுவதால் திரை இலேசாகி மிதக்கிறது, படுத்தவுடன் அறை சுழல்கிறது. வெளியேறும்போதும் திரையே முந்துகிறது, அதனால் இப்போது திரை கனத்துத் தாழ்கிறது. கனடாவின் கென்னத் மணியும் மைல்ஸும் 1974-இல் நீரைவிட அடர்த்தி மிகுந்த கனநீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். விழிகள் எதிர்த்திசையில் துடித்தன. கனநீரையும் மதுவையும் கலந்து கொடுத்தபோது துடிப்பு பெருமளவு அடங்கியது. போதையின் ஒரு பகுதி வெறும் பௌதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நிமிர்ந்து நடப்பவனின் தள்ளாட்டம் காதிலிருந்து அல்ல, பெரும்பாலும் சிறுமூளை மந்தமாவதிலிருந்தே வருகிறது, பிறகு படுத்தவனின் விழித்துடிப்பைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு என்று கேட்கலாம். மறுப்பு சரியானதுதான். ஆனால் அது இந்த வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. சமநிலையைக் கெடுக்கும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் எழுந்து அடங்குபவை. கோட்டின்மேல் ஒருவர் தடுமாறினால் எந்த வழி அவரைத் தடுமாறவைத்தது என்பதை நடை சொல்லாது. காது நோயா, முதுமையா, முழங்கால் வலியா, மதுவா என்பதும் தெரியாது. மறுபுறம், நாள்தோறும் குடித்துப் பழகியவர் நேராக நடந்து காட்டிவிடுவார். அவருடைய கவனமும் முடிவெடுக்கும் வேகமும் குறைந்திருப்பதை அந்த நேர்நடை மறைத்துவிடும்.

ஆகவே சட்டம் எண்ணை நோக்கி நகர்ந்ததில் நியாயம் இருக்கிறது. சுவீடனின் எரிக் விட்மார்க் 1922-இல் சில துளி ரத்தத்திலேயே ஆல்கஹாலை அளக்க வழி கண்டார். 1936-இல் நார்வே 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 1954-இல் அமெரிக்காவின் இந்தியானாவில் போர்க்கன்ஸ்டைன் மூச்சுக் கருவியை உருவாக்கினார். பிரிட்டன் 1967-இல் 80 மில்லிகிராமை வரம்பாக்கியது. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு 30 மில்லிகிராம் என்கிறது. அமெரிக்கக் காவலர்கள் இன்றும் ஒற்றைக்காலில் நிற்கவும் கோட்டில் நடந்து திரும்பவும் சொல்கிறார்கள், விழித்துடிப்பையும் பார்க்கிறார்கள். 1970களில் தெற்குக் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த சோதனைகள் அவை. சந்தேகத்துக்கு ஆதாரமாக அவை போதும், அளவுக்கு மாற்றாகப் போதாது.

ஆனால் எண்ணையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பது அதே வரலாறு சொல்லும் இன்னொரு பாடம். மறுநாள் காலை கருவி சுழியம் காட்டலாம், உட்செவியின் திரை அப்போதும் கனத்திருக்கலாம். விமானத் துறை இதற்கு இடம் விட்டிருக்கிறது. இந்திய விதிப்படி விமானி பணிக்கு முன் 12 மணி நேரம் மதுவைத் தொடக் கூடாது, கருவியில் சுழியம் வருவது மட்டும் போதாது. சாலைச் சட்டத்தில் அப்படியொரு இடைவெளி இல்லை. ரத்தத்தின் எண் குற்றத்தைத் தீர்மானிக்கட்டும். முந்தின இரவு நிறையக் குடித்தவர் காலையில் வண்டிச் சாவியை எடுக்கலாமா என்பதைத் தீர்மானிக்க அந்த எண் போதாது. பகல் கழியும்வரை பொறுப்பதே அவருக்கும் சாலையில் போகிற மற்றவர்களுக்கும் நல்லது.