ஹாண்டில் அடித்த காலம்

மோட்டார் காருக்கு வரும் வியாதிகளில் ஒன்று மிகவும் விசித்திரமானது. நல்ல ரஸ்தாவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ராஜா மாதிரி போய்க்கொண்டிருக்கும். சிக்னலைக் கண்டு காலை எடுத்தோமோ இல்லையோ, இரண்டு தரம் குலுங்கி, ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும். ஒர்க்‌ஷாப் பாஷையில் இதற்கு "ஐட்லிங் நிற்கவில்லை" என்று பெயர். இதனால் இன்றைக்கு நமக்கு நஷ்டமாவது கொஞ்சம் மானம். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். சாவியைத் திருப்பினால் மறுபடி கிளம்பிவிடும். நூறு வருஷங்களுக்கு முன்பு இதே வியாதி கையை முறித்தது. ஒரு மனிதரின் உயிரையே வாங்கியது என்றும் சொல்வார்கள். அந்தக் கதைக்கு முன்னால் வியாதியின் மூலத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

எஞ்சினுக்கு ஆகாரம் பெட்ரோல் மட்டும் அல்ல, காற்றும்தான். பழைய வண்டிகளில் இரண்டையும் பக்குவமாகக் கலந்து கொடுத்த சமையல்காரன் கார்புரேட்டர். வண்டி ஓடும்போது காற்று பலமாக உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலே பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். காலை எடுத்தால் காற்று வழியின் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது உள்ளே போகும் சொற்பக் காற்றுக்குப் பெரிய ஜெட்டை இழுக்கத் தெம்பு கிடையாது. ஆகையால் அந்தச் சமயத்துக்கென்றே, கதவின் விளிம்புக்குப் பக்கத்தில், தனியாக ஒரு பொடித் துவாரம் வைத்திருப்பார்கள். அதற்குப் போகும் வழியில் ஒரு தூசி அடைத்தால் போதும். ஓடும்போது பசி தெரியாது, நின்றால் பட்டினி. இன்னொரு விதமாகவும் கெடும். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள பேக்கிங் காய்ந்து விரிசல் விட்டால் கணக்கில் சேராத காற்று உள்ளே புகும். வண்டி வேகமாகப் போகும்போது இந்தத் திருட்டுக் காற்று ஒரு பொருட்டில்லை. நிற்கும்போதோ, அதுவே கலவையை நீர்மோராக்கிவிடும்.

கார்புரேட்டர் வண்டிகள் ஓடிய நாளில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் வைத்தியம் பார்ப்பதை நான் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் ஸ்பானரைத் தொடமாட்டார். "ஓடறப்போ நல்லா இழுக்குதா சார்?" என்று முதலில் கேட்பார். "இழுக்கிறது" என்றால் பெட்ரோல் பம்பு மேல் அவருக்குச் சந்தேகம் போய்விடும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கார்புரேட்டரின் அடியில் சுற்றிலும் சொட்டுச் சொட்டாக விடுவார். ஓரிடத்தில் எண்ணெய் பட்டவுடன் எஞ்சினின் நடுக்கம் சற்று அடங்கும். "இங்கேதான் காத்து வாங்குது" என்பார். புதுப் பேக்கிங் வெட்டிப் போட்டுவிட்டு, ஸ்க்ரூவைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று நகர்த்தி, வித்வான் தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பது போலக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். நோயைப் பாராமல் ஐட்லிங் ஸ்க்ரூவை மட்டும் ஏற்றிவிட்டுக் காசு வாங்கினவர்களும் உண்டு. ஜுரக்காரனுக்குத் தர்மாமீட்டரை உதறி வைப்பது போன்ற வைத்தியம் அது.

இனி, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆரம்பத்து அமெரிக்காவுக்கு வருவோம். கார்புரேட்டர் அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. எஞ்சினுக்குள் பொறி எந்த க்ஷணத்தில் விழவேண்டும் என்பதைக்கூட டிரைவரே ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த சிறு நெம்புகோலால் தள்ளித் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் நடுத்தெருவில் அணைவது சகஜம். அணைந்தால் இறங்கி, வண்டியின் முகத்துக்கு எதிரே போய்க் குனிந்து, ஹாண்டிலைச் சுற்றவேண்டும். கட்டைவிரலால் ஹாண்டிலை வளைத்துப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பாலபாடம். நம் ஊரில் ஹாண்டில் அடித்தவர்களும் இதை அறிவார்கள். காரணம் என்னவென்றால், பொறி முந்தி விழுந்துவிட்டால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் கலவை வெடித்து, எஞ்சின் தலைகீழாகச் சுழலும். ஹாண்டில் முரட்டுக் குதிரை போல் உதைக்கும். மணிக்கட்டுக்குப் பக்கத்து எலும்பு முறியும். ரண வைத்தியர்கள் அந்த முறிவுக்கு "ஷோபர் முறிவு" என்றே பெயர் வைத்தார்கள். ஹாண்டில் போய்விட்டது, பெயர் இன்னும் வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறது.

டெட்ராய்ட் நகரத்தை ஒட்டி, ஆற்றின் நடுவில், பெல் ஐல் என்று ஒரு தீவு உண்டு. அதற்குப் போகும் பாலத்தின் மேல் ஒரு பெண்மணியின் காடிலாக் கார் அணைந்து நின்றதாம். அவ்வழியே வந்தவர் பைரன் கார்ட்டர். "கார்ட்டர்கார்" என்று தம் பெயரிலேயே வண்டி செய்தவர். உதவி செய்ய இறங்கி ஹாண்டிலைச் சுற்றினார். பொறி நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள அந்தப் பெண்மணி மறந்திருந்தாள். ஹாண்டில் திருப்பி அடித்துக் கார்ட்டரின் தாடை உடைந்தது. அதன் தொடர்ச்சியாக அவர் இறந்துபோனார். அவருடைய சிநேகிதரான ஹென்றி லேலண்ட் காடிலாக் கம்பெனியின் தலைவர். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பழகிய, கண்டிப்பான கிழவர். தம்முடைய வண்டி ஒருவரைக் கொன்றதென்று மனம் ஒடிந்து, இனி ஹாண்டிலே கூடாது என்று தீர்மானித்தார். இதுதான் கதை.

கதை இவ்வளவு ஒழுங்காக அமைந்திருந்தால் சந்தேகப்படுவது நாவல் எழுதுகிறவனின் சுபாவம். சில புத்தகங்கள் இந்த விபத்தை 1910-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் வைக்கின்றன. கார்ட்டரோ 1908-லேயே காலமாகிவிட்டார். பாலமும் பெண்மணியும் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த அலங்காரமாக இருக்கலாம். முறிந்த எலும்புகள் அலங்காரமல்ல.

லேலண்ட் விஷயத்தைக் கொண்டுபோனது ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகருக்கு. அங்கே சார்லஸ் கெட்டரிங் என்பவர், எட்வர்ட் டீட்ஸ் என்ற கூட்டாளியின் வீட்டுக் கொட்டகையில் சில ஆட்களை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். எஞ்சினைச் சுழற்ற வல்ல மின்சார மோட்டார், கிட்டத்தட்ட அந்த எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கவேண்டும் என்பது நிபுணர்களின் கட்சி. கெட்டரிங் அதற்கு முன்பு கடைகளில் பணம் வாங்கும் காஷ் ரிஜிஸ்டருக்கு மோட்டார் அமைத்தவர். காஷ் ரிஜிஸ்டரின் மோட்டார் நாள் முழுதும் ஓடவேண்டியதில்லை. ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக உழைத்தால் போதும். சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மேல் சில விநாடி வேலை வாங்கினால் கெட்டுப்போகாது என்பதை அவர் கண்டிருந்தார். எஞ்சினைக் கிளப்பவும் சில விநாடிதானே வேண்டும்? கிளம்பினபின் அதே மோட்டாரை எஞ்சின் சுழற்றிப் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொடுக்கும்படியும் செய்தார். 1911 பிப்ரவரியில் காடிலாக் வண்டி ஒன்றில் அதைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் ஹாண்டில் அடிக்காமலே கிளம்பும் வண்டியாகக் கடைக்கு வந்தது.

ஹென்றி ஃபோர்டுக்கு அவசரமில்லை. அவருடைய மாடல் டி காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் கிடைத்தது 1919-ல்தான். அதுவரை வாங்கினவர்கள் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மாள் ஓட்டியது 1914-ஆம் வருஷத்து "டெட்ராய்ட் எலெக்ட்ரிக்". ஹாண்டிலே தேவைப்படாத பாட்டரி கார் அது. ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்ற மனிதரின் வீட்டு சமாசாரம்! பெண்கள் பலர் பாட்டரி காரை விரும்பியதற்கு ஹாண்டில் ஒரு முக்கியமான காரணம். ஸ்டார்ட்டர் வந்த பிறகு அந்தக் காரணம் போயிற்று. பாட்டரி கார்களும் மெல்ல மெல்ல மறைந்தன.

கவனிக்க வேண்டியது, கெட்டரிங் வியாதியைக் குணப்படுத்தவில்லை என்பது. எஞ்சின் முன்போலவே அணைந்துகொண்டுதான் இருந்தது. அணைந்தால் ஆபத்தில்லை என்றாயிற்று. எங்கள் மெக்கானிக்குக்கு எண்ணெய்க் குப்பியோடு அத்தனை காலம் பிழைப்பு இருந்ததே அதனால்தான். இப்போது கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீச்சும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. புது வண்டிகள் சிலவற்றில் சிக்னலில் நின்றவுடன் எஞ்சினைத் தானாகவே அணைத்து, கிளம்பும்போது தானாகவே கிளப்பும் ஏற்பாடு இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி ஒன்றில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெரியவர், வண்டி நின்றதும் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார், தள்ளுவதற்காக.