புரவலர், விளம்பரம், அரசு: ஆஸ்திரிய இதழ்ப் பதிப்பின் பொருளியலும் கருத்துரிமையும் (1899–2001)

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மன் மொழி பேசும் சிறிய நாடான ஆஸ்திரியாவின் இதழ்ப் பதிப்புத் துறை, அதே மொழியில் பன்மடங்கு பெரிய சந்தையைக் கொண்ட ஜெர்மனியின் அருகில் வளர்ந்தது. வாசகர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் நாட்டில் ஓர் இதழ் யாருடைய பணத்தில் நடக்கிறது என்பது அதன் கருத்துரிமையின் எல்லையையும் பாதிக்கிறது. 1899 முதல் 2001 வரையிலான காலத்தில் வெளிவந்த ‘டீ ஃபாக்கெல்’, ‘டெர் பிரென்னர்’, ‘ஃபோரும்’, ‘ப்ரோஃபீல்’, ‘நியூஸ்’ ஆகிய இதழ்களை முன்வைத்து, குடும்பச் சொத்து, தனிப் புரவலர், பனிப்போர் கால நிதி, வணிக விளம்பரம், அரசு மானியம் ஆகிய ஐந்து நிதி ஆதாரங்களும் இதழ்களுக்கு வழங்கிய உரிமைகளையும் விதித்த வரம்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆஸ்திரியா, இதழியல் வரலாறு, சிற்றிதழ், கார்ல் கிரவுஸ், கருத்துரிமை, ஊடக உடைமைக் குவிப்பு.

முன்னுரை

இதழியல் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர்களின் வரலாறாகவும் தணிக்கையின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. அச்சகக் கடன், சந்தா, விளம்பரம், விற்பனை உரிமம் ஆகியவை அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. ஆஸ்திரியாவைப் பொறுத்தவரை இந்த ஒதுக்கம் வரலாற்றின் மையத்தையே மறைத்துவிடும். இன்று அந்நாட்டின் மக்கள்தொகை 90 இலட்சத்தைச் சற்றே கடந்தது. ஜெர்மனியின் மக்கள்தொகை 8 கோடிக்கும் மேல். ஹாம்பர்க்கில் அச்சாகும் வார இதழை வியன்னா வாசகர் மொழித் தடையின்றிப் படிக்க இயலும். ஆனால் வியன்னாவின் அரசியலைப் பேசும் இதழுக்கு ஹாம்பர்க்கில் பெரிய வாசகர் கூட்டம் இல்லை. மொழி பொதுவாக இருந்தும் சந்தை ஒருவழிப் பாதையாக அமைந்த இந்நிலையே ஆஸ்திரிய இதழ்ப் பதிப்பாளர்கள் எதிர்கொண்ட அடிப்படைச் சிக்கலாகும்.

1. சட்டமும் விற்பனைக் களமும்

1848 மார்ச் புரட்சியின்போது முன்தணிக்கை நீக்கப்பட்டது. எனினும் அதன் பின்னும் அரசின் கட்டுப்பாடு வேறு வடிவங்களில் தொடர்ந்தது. எழுதியவர்மீது வழக்குத் தொடராமலே அச்சிட்ட பகுதியைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற நடைமுறை இடமளித்தது. பறிமுதலான பத்திகள் இருந்த இடத்தில் வெற்றிடம் விட்டு இதழ்கள் மறுபதிப்பாயின. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அப்பகுதியைத் தம் கேள்வியில் சேர்த்து அவையில் பதிவு செய்தால், அவை நடவடிக்கைக்குரிய பாதுகாப்பின்கீழ் அதனை மீண்டும் அச்சிடலாம் என்னும் வழியும் புழக்கத்தில் இருந்தது.

கருத்துக்கு விதிக்கப்பட்ட தடையைக் காட்டிலும் விற்பனைக்கு விதிக்கப்பட்ட தடை நீண்டகாலம் நீடித்தது. செய்தித்தாள் ஒவ்வொரு படிக்கும் விதிக்கப்பட்ட முத்திரை வரி 1899-ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஒழிந்தது. தெருவில் கூவி விற்பதற்கான தடை முடியாட்சி வீழ்ந்த பின், 1922-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தில் நீங்கியது. அதுவரை இதழ்கள் வாசகரைச் சென்றடைய உதவியவை அஞ்சல்வழிச் சந்தா, புத்தகக் கடை, காபிக் கடை, ‘டிராஃபிக்’ எனப்படும் புகையிலைக் கடை ஆகியவையே. புகையிலை அரசின் ஏகபோகமாக இருந்தமையால், அதனை விற்கும் கடையும் அரசின் அனுமதியைச் சார்ந்திருந்தது. வாசகரைச் சென்றடையும் வழிகளுள் ஒன்று அரசின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

2. குடும்பச் சொத்தில் நடந்த இதழ்: ‘டீ ஃபாக்கெல்’

‘தீப்பந்தம்’ எனப் பொருள்படும் ‘டீ ஃபாக்கெல்’ 1899 ஏப்ரலில் வியன்னாவில் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய கார்ல் கிரவுஸுக்கு அப்போது வயது 24. அக்காலத்தின் செல்வாக்கு மிக்க நாளிதழான ‘நோயே ஃப்ரையே பிரெஸ்ஸே’ அளிக்க முன்வந்த பணியை மறுத்துவிட்டே அவர் இவ்விதழைத் தொடங்கினார். அவருடைய தந்தை காகிதத் தொழிலில் செல்வம் ஈட்டியவர். குடும்பத் தொழிலிலிருந்து கிடைத்த வருவாய் கிரவுஸுக்கு அலுவலக ஊதியத்தை நம்பாத வாழ்வைத் தந்தது. சிவப்பு அட்டையுடன் வந்த முதல் இதழ் ஏறக்குறைய 30,000 படிகள் விற்றதாகக் குறிக்கப்படுகிறது.

கிரவுஸின் தாக்குதல் ஆட்சியாளரைவிடப் பத்திரிகை உலகையே மிகுதியாகக் குறிவைத்தது. வங்கிகளும் இரயில் நிறுவனங்களும் தரும் பணத்துக்காகச் செய்தியை வெளியிடுவதும், அதே பணத்துக்காகச் செய்தியை மறைப்பதும், விளம்பரத்தைச் செய்தி நடையில் அச்சிடுவதும் அவரது கண்டனத்துக்கு உள்ளாயின. இக்கண்டனத்தைத் தொடர்ந்து எழுதுவதற்கு விளம்பர வருவாயைச் சாராத இதழ் தேவைப்பட்டது. தொடக்கத்தில் விளம்பரங்களை ஏற்ற ‘டீ ஃபாக்கெல்’ பின்னர் அவற்றைக் கைவிட்டது. முதல் அச்சகத்தாருடன் 1901-இல் தகராறு ஏற்பட்டபோது, இதழின் பெயரும் தோற்றமும் யாருக்கு உரியவை என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றது. அதன்பின் யஹோடா–சீகெல் அச்சகத்தில் இதழ் அச்சாயிற்று. 1911-இன் இறுதியிலிருந்து கிரவுஸ் ஒருவரே இதழ் முழுவதையும் எழுதினார்.

இதழின் நிதித் தன்னாட்சி 1920-களில் சோதனைக்கு உள்ளானது. இம்ரே பேகெஸி என்னும் பதிப்பாளர் 1923-இல் ‘டீ ஷ்டுண்டே’ என்னும் நாளிதழையும், 1924-இல் ‘டீ பியூனே’ என்னும் நாடக இதழையும் தொடங்கினார். செய்தி வெளியிடப்போவதாக மிரட்டிப் பணம் பறிக்கும் முறையை அவர் நடத்திவருவதாகக் கிரவுஸ் தம் இதழில் தொடர்ந்து குற்றஞ்சாட்டினார். 1926-இல் பேகெஸி வியன்னாவை விட்டு வெளியேறினார். பெரிய நாளிதழ்கள் பலவும் ஒதுங்கி நின்ற சிக்கலை ஒற்றை மனிதரின் இதழ் இறுதிவரை எடுத்துச் சென்றது குறிப்பிடத்தக்கது.

இம்முறையின் வரம்பும் இதிலேயே அடங்கியுள்ளது. இதழ் ஒருவரது சொத்தையும் ஒருவரது உழைப்பையும் சார்ந்திருந்தமையால் அவருக்குப் பின் அதனை நடத்த எவரும் இல்லை. 922 எண்களைக் கண்ட ‘டீ ஃபாக்கெல்’ 1936 பிப்ரவரியில் நின்றது. அவ்வாண்டு ஜூன் 12 அன்று கிரவுஸ் மறைந்தார்.

3. மாகாணமும் புரவலரும்: ‘டெர் பிரென்னர்’

ஆஸ்திரிய இதழ் வரலாறு வியன்னாவுக்குள் மட்டும் அடங்குவதன்று. திரோல் மாகாணத்தின் இன்ஸ்புரூக் நகரில் லுட்விக் ஃபொன் ஃபிக்கர் 1910 ஜூன் மாதத்தில் ‘டெர் பிரென்னர்’ இதழைத் தொடங்கினார். மாதம் இருமுறை வந்த இவ்விதழ் வாயிலாகவே கியோர்க் டிராக்கெலின் கவிதைகள் 1912 முதல் தொடர்ந்து வெளிவந்தன. தலைநகரின் பதிப்பகங்களும் நாளிதழ்களும் கண்டுகொள்ளாத கவிஞருக்கு, மலையடிவார நகரின் சிற்றிதழ் களம் அமைத்துக் கொடுத்தது.

1914 ஜூலையில் ஃபிக்கருக்கு எதிர்பாராத கடிதம் ஒன்று வந்தது. அதனை எழுதியவர் மெய்யியலாளர் லுட்விக் விட்கென்ஸ்டைன். இரும்புத் தொழில் அதிபரான தந்தையின் மறைவுக்குப் பின் தமக்குக் கிடைத்த சொத்திலிருந்து 100,000 குரோனைப் பொருள் வசதியற்ற ஆஸ்திரியக் கலைஞர்களுக்குப் பகிர்ந்தளிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். ‘டெர் பிரென்னர்’ குறித்துக் கிரவுஸ் எழுதிய பாராட்டே விட்கென்ஸ்டைனை ஃபிக்கரிடம் கொண்டுவந்து சேர்த்தது. டிராக்கெலுக்கும் ரில்கேவுக்கும் தலா 20,000 குரோன் ஒதுக்கப்பட்டது. இதழுக்கு 10,000 குரோன் கிடைத்தது. அதற்குள் போர் மூண்டது. டிராக்கெல் தம் பங்கைப் பயன்படுத்தும் வாய்ப்பின்றி 1914 நவம்பர் 3 அன்று கிராக்கோவ் இராணுவ மருத்துவமனையில் இறந்தார்.

இங்குப் புரவலர் இதழின் உள்ளடக்கத்தில் தலையிடவில்லை. எனினும் இத்தகைய கொடை ஒருமுறை நிகழ்வதேயன்றித் தொடர் ஏற்பாடாக அமையாது. போருக்குப் பின் நீண்ட இடைவெளிகளுடன் வந்த ‘டெர் பிரென்னர்’ 1954-இல் நிறைவுற்றது.

4. முறிவு: 1933–1945

1933 மார்ச்சில் நாடாளுமன்றம் முடக்கப்பட்டதும் டோல்ஃபுஸ் அரசு அதே மாதம் 7-ஆம் நாள் பத்திரிகைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. 1938 மார்ச்சில் நாஜி ஜெர்மனியுடன் ஆஸ்திரியா இணைக்கப்பட்டபின் யூத ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் துறையிலிருந்து அகற்றப்பட்டனர். பலர் நாடு கடந்தனர், பலர் முகாம்களில் கொல்லப்பட்டனர். வியன்னாவின் இதழ் உலகம் இழந்தது சில பெயர்களை மட்டுமன்று. எழுதுவோர், அச்சிடுவோர், சந்தா செலுத்துவோர் என அத்தொழிலைத் தாங்கிய சமூகமே கலைந்தது. 1945-க்குப் பின் ஆஸ்திரிய இதழ்கள் வெளியார் நிதியை நாடியதற்கு இவ்வெற்றிடமும் ஒரு காரணமாகும்.

5. பனிப்போர் நிதி: ‘ஃபோரும்’

நான்கு வல்லரசுகளின் ஆளுகையில் வியன்னா பிரிந்திருந்த 1954-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ஃபோரும்’ மாத இதழ் தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து 1951-இல் திரும்பிய எழுத்தாளர் ஃப்ரீட்ரிக் டோர்பெர்க் அதன் ஆசிரியர். பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பண்பாட்டு விடுதலைக்கான பேராயம் அதற்கு நிதி வழங்கியது. இலண்டனின் ‘என்கவுண்டர்’, பாரிசின் ‘பிரவ்’ ஆகியவையும் அவ்வமைப்பின் இதழ்களே. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அப்பேராயத்துக்குப் பணம் கொடுத்துவந்தது 1966, 1967 ஆண்டுகளில் வெளிப்பட்டது.

இந்நிதியின் விளைவை ஒரே சொல்லில் மதிப்பிட இயலாது. நாடு கடந்த எழுத்தாளர்களுக்கும் இளையோருக்கும் ‘ஃபோரும்’ தரமான களமாக இருந்தது. நாஜி ஆட்சியில் பணியாற்றிய நீதிபதிகள் புதிய குடியரசிலும் பதவியில் நீடிப்பதை வெளிப்படுத்தும் ஆஸ்கர் புரோன்னரின் கட்டுரை 1965-இல் அவ்விதழிலேயே வந்தது. மறுபுறம், பெர்டோல்ட் பிரெஷ்டின் நாடகங்களை வியன்னா அரங்குகள் 1963 வரை பெரும்பாலும் புறக்கணித்ததற்குப் பின்னால் டோர்பெர்க்கின் முனைப்பும் இருந்தது. எதிர்முகாமிலும் இதே சார்பு நிலவியது. பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்து நடந்த ‘டாகெபூக்’ இதழின் ஆசிரியர் குழு, செக்கோஸ்லோவாக்கியப் படையெடுப்பை எதிர்த்தபின் 1969-இல் கட்சியைப் பிரிந்து ‘வீனர் டாகெபூக்’ எனத் தனித்து நடக்க நேர்ந்தது.

6. விளம்பரச் சந்தையும் நீதிமன்றமும்: ‘ப்ரோஃபீல்’

1970-ஆம் ஆண்டு ஆஸ்திரிய இதழ்த் தொழிலில் திருப்புமுனையாக அமைந்தது. ஆஸ்கர் புரோன்னர் அவ்வாண்டில் ‘டிரெண்ட்’ என்னும் வணிக இதழையும் ‘ப்ரோஃபீல்’ என்னும் செய்தி இதழையும் தொடங்கினார். வணிக இதழின் விளம்பர வருவாய், அரசியல் இதழின் செலவைத் தாங்கும் வாய்ப்பை இவ்விணை அளித்தது. 1974-இல் அவர் இரண்டையும் ‘குரியர்’ நாளிதழ் நிறுவனத்துக்கு விற்றார்.

1975 அக்டோபர்த் தேர்தலுக்குப் பின், சுதந்திரக் கட்சித் தலைவர் ஃப்ரீட்ரிக் பேட்டர் எஸ்.எஸ். படைப்பிரிவில் பணியாற்றியதைச் சைமன் வீசெந்தால் வெளிப்படுத்தினார். தலைமையமைச்சர் புரூனோ கிரைஸ்கி பேட்டருக்கு ஆதரவாக நின்று வீசெந்தாலைச் சாடினார். ‘ப்ரோஃபீல்’ ஆசிரியர் பேட்டர் மிகையேல் லிங்கென்ஸ் இரு கட்டுரைகளில் கிரைஸ்கியின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தார். கிரைஸ்கி தொடுத்த அவதூறு வழக்கில் லிங்கென்ஸுக்கு இறுதியாக 15,000 ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. தம் கருத்தின் உண்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு எழுதியவர்மீதே சுமத்தப்பட்டது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1986 ஜூலை 8 அன்று வழங்கிய தீர்ப்பில் இத்தண்டனை கருத்துரிமைக்கு எதிரானது என ஒருமனதாக முடிவு செய்தது. செய்தியை மெய்ப்பிக்கலாம், மதிப்பீட்டை மெய்ப்பிக்குமாறு கோர இயலாது என்பதும், அரசியலாளர் தனிமனிதரைக் காட்டிலும் மிகுதியான விமர்சனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் சாரம். ‘ஃபோரும்’ ஆசிரியர் கெர்ஹார்ட் ஓபர்ஷ்லிக் 1991, 1997 ஆண்டுகளில் வென்ற இரு வழக்குகள் இந்நெறியை மேலும் உறுதிப்படுத்தின. இவ்வாறு, சிறிய சந்தையில் நடந்த ஆஸ்திரிய இதழ்களின் வழக்குகள் ஐரோப்பா முழுமைக்கும் பொருந்தும் சட்டநெறியை உருவாக்கின.

7. மானியமும் உடைமைக் குவிப்பும்

இதழ்களுக்கான அரசு நிதியுதவி 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தொடங்கியது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்ததையொட்டி, 1975-இல் நாளிதழ்களுக்கான மானியச் சட்டம் இயற்றப்பட்டது. அரசியல், பண்பாடு, உலகநோக்குசார் விவாதங்களை நடத்தும் சிற்றிதழ்கள் பல இவ்வுதவியால் தாக்குப்பிடித்தன. ஆனால் பெரும் இதழ்களின் போட்டியில் மானியம் எவ்வித மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை.

1992 அக்டோபரில் ஃபெல்னர் சகோதரர்கள் தொடங்கிய ‘நியூஸ்’ வார இதழ், வண்ணப்படமும் பரபரப்பான முகப்பும் கொண்டு விரைவில் விற்பனையில் முன்னணிக்கு வந்தது. 1998-இல் அதே குழுமம் ‘ஃபார்மட்’ இதழை ‘ப்ரோஃபீல்’ இதழுக்குப் போட்டியாக வெளியிட்டது. 2001 ஜனவரியில் ‘நியூஸ்’ குழுமமும் ‘ப்ரோஃபீல்’, ‘டிரெண்ட்’ இதழ்களின் நிறுவனமும் ஒன்றிணைய வணிகக் கூட்டமைப்பு நீதிமன்றம் இசைவளித்தது. ‘நியூஸ்’, ‘ஃபார்மட்’, ‘ப்ரோஃபீல்’, ‘டிரெண்ட்’ ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அக்குழுமத்தின் பெரும்பான்மைப் பங்கு ஹாம்பர்க்கின் குரூனர்–யார் நிறுவனத்திடம் இருந்தது. ‘ஃபார்மட்’, ‘ப்ரோஃபீல்’ ஆகிய பெயர்களை இணைத்து ‘ஃபார்மில்’ என விமர்சகர்கள் இவ்விணைப்பைக் குறிப்பிட்டனர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. குடும்பச் சொத்தும் தனிப் புரவலரும் இதழாசிரியருக்கு மிகுந்த உரிமையை வழங்கின; ஆனால் ஒரு மனிதரின் வாழ்நாளுக்கு அப்பால் நீடிக்கும் ஏற்பாட்டை உருவாக்கவில்லை. பனிப்போர் நிதி நிலையான ஆதரவு அளித்தது. அதன் உண்மையான ஊற்று வாசகருக்கு மறைக்கப்பட்டிருந்தமையே அதன் குறை. விளம்பர வருவாய் அரசியல்வாதிகளை எதிர்க்கும் துணிவுக்கு இடமளித்தது; அதே வருவாய்க்கான போட்டி இதழ்களை ஒரே உடைமையாளரிடம் கொண்டு சேர்த்தது.

1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் 2001-ஆம் ஆண்டு இணைப்பையும் சேர்த்து நோக்கும்போது இவ்வரலாற்றின் முரண் தெளிவாகிறது. இரண்டிலும் ‘ப்ரோஃபீல்’ இதழே இடம்பெறுகிறது. தலைமையமைச்சரை விமர்சிக்கும் உரிமையை அதன் ஆசிரியர் நீதிமன்றத்தில் வென்றார். 15 ஆண்டுகளுக்குள் அவ்விதழ் தன் போட்டியாளரின் குழுமத்தில் அடங்கியது. எழுதப்பட்ட கட்டுரையைச் சட்டம் காத்தது. அதனை வெளியிடும் நிறுவனத்தின் தனித்தன்மையைக் காக்கும் பொறுப்பை அத்தீர்ப்பு ஏற்கவில்லை, ஏற்கவும் இயலாது. ஆகவே சிறிய மொழிச் சந்தைகளின் இதழியலை ஆராய்வோர் தணிக்கை ஆவணங்களோடு கணக்கேடுகளையும் உடைமைப் பத்திரங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது இன்றியமையாததாகிறது.