சவாரிக் கோட்டின் கதை

யாழ்ப்பாணத்திலே சவாரி என்ற சொல்லைக் கேட்டதும் மாட்டுவண்டிச் சவாரியே பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கெனத் தனி உடுப்பு யாதும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையைத் தலையிற் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார்கள். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது பிறிதொரு சவாரி. இங்கிலாந்தின் குதிரைச் சவாரி. அங்கே குதிரை எவ்வளவு முக்கியமோ, அதன்மேல் இருப்பவர் அணியும் உடையும் ஏறக்குறைய அவ்வளவு முக்கியம்.

கோடை காலத்திலே அந்நாட்டின் கிராமப்புறங்களில், விவசாயக் கண்காட்சிகளை ஒட்டிக் குதிரைக் காட்சிகள் நடைபெறுவது வழக்கம். குதிரையின் உடற்கட்டும் நடையும் பழக்கமும் மட்டுமன்றி, சவாரி செய்பவரின் தோற்றமும் நடுவர்களின் கண்ணுக்குத் தப்புவதில்லை. இளமையிலே இக்காட்சிகளிற் பங்குபற்றி, பின்னர் தொழில், குடும்பம் என்று விலகிப்போய், நாற்பது ஐம்பது வயதிலே மீண்டும் குதிரையேற விரும்புவோர் அங்கு உண்டு. அவர்கள் செய்யும் முதற் காரியங்களுள் ஒன்று பழைய பெட்டியைத் திறப்பது. பூச்சியுருண்டை மணக்கும் கம்பளிக் கோட்டு, தொடைப்பக்கம் புடைத்த காற்சட்டை, கறுப்பு வெல்வெட் தொப்பி, முழங்கால்வரை உயர்ந்த தோற் சப்பாத்து ஆகியவை வெளியே வருகின்றன. இவற்றுள் எதைத் திருத்தி அணியலாம், எதைக் கழித்துவிட வேண்டும்?

பார்வைக்கு இது தையற்காரரோடு பேசித் தீர்க்கவேண்டிய சிறு விடயம். ஆனால் இவ்வுடுப்புக்கள் ஏன் இவ்வாறு வெட்டப்பட்டன, எப்போது மாறின, யாருக்காக மாறின என்று கேட்கத் தொடங்கினோமாயின், குதிரைமேல் ஏறும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வியிலேயே வந்து நிற்போம். 'மரபு' என்று சொல்லி இவற்றைப் போற்றுவோர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கோட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சுப் பிரபுக்கள் அரசவையைச் சுற்றி வாழ்ந்தனர். பட்டும் சித்திர வேலைப்பாடும் அவர்களின் உடையாயின. ஆங்கில நிலப்பிரபுக்களோ ஆண்டின் பெரும்பகுதியைத் தம் நிலங்களிலே கழித்தனர். குதிரைமேல் இருந்தே நிலத்தைப் பார்த்தனர். குதிரைமேல் இருந்தே நரியை வேட்டையாடினர். ஆதலால் அவர்களின் கோட்டு அலங்காரம் குறைந்த கம்பளித் துணியால் ஆயிற்று. தொடைகள் தடைப்படாதிருக்க முன்பக்கம் வெட்டி ஒதுக்கப்பட்டது. சேணத்தின் இருமருங்கும் துணி விழுவதற்காகப் பின்பக்கம் பிளந்துவிடப்பட்டது. இந்தக் கோட்டை விரும்பிய பிரெஞ்சுக்காரர் 'ரைடிங் கோட்' என்ற ஆங்கிலப் பெயரைத் தம் நாவுக்கேற்ப 'ரெடிங்கோட்' ஆக்கிக்கொண்டனர். வயலிலும் காட்டிலும் அணிந்த உடை நாளடைவில் நகரத்து மரியாதை உடையாகி, விருந்து மண்டபத்துள்ளும் புகுந்தது.

அந்தப் பின்பிளவு இன்றும் மறையவில்லை. நமது நாட்டிலே அப்புக்காத்துமாரும் தலைமை ஆசிரியர்களும் மணமகன்மாரும் அணியும் கோட்டின் முதுகுப்புறத்தை ஒருமுறை பார்த்தால் அது புலப்படும். மலைநாட்டுத் தோட்டங்களில் வேட்டிக்கு மேற் கோட்டு அணிந்து நின்ற கங்காணியையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். குதிரையேறி அறியாத முதுகுகளிலே குதிரைக்காரரின் உடை ஏறியது எவ்வாறு என்பது ஏகாதிபத்தியத்தின் வரலாற்றில் ஒரு சிறு பிரிவு. அதை விரித்தெழுதுவோர் எழுதுவார்கள்.

கோட்டை அணிந்தவர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. தைத்தவர்களைப் பற்றி அத்துணை இல்லை. 1912ஆம் ஆண்டிலே இலண்டனின் மேற்குப் பகுதித் தையற்காரர், அதாவது சவாரிக் கோட்டு உள்ளிட்ட கனவான்களின் உடைகளைத் தைத்தவர்கள், வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் வேலையைக் கிழக்குப் பகுதியின் இருண்ட பட்டறைகளிலே குறைந்த கூலிக்கு உழைத்த யூதக் குடியேற்றத் தொழிலாளரைக் கொண்டு முடித்துவிடலாம் என்று முதலாளிமார் எண்ணினர். ஆனால் ருடோல்ப் ரொக்கர் போன்றோரின் தூண்டுதலால் கிழக்குப் பகுதித் தையற்காரரும் ஆயிரக்கணக்கில் ஊசியைக் கீழே வைத்தனர். மேற்கின் போராட்டத்துக்கு ஆதரவாக எழுந்தது தம் பட்டறைகளின் கொடுமைக்கெதிரான போராட்டமாகவும் மாறி வெற்றி பெற்றது. அதே ஆண்டிலே துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நீண்டு பட்டினி சூழ்ந்தபோது, அவர்களின் பிள்ளைகள் முந்நூறு பேருக்கு மேல் இத்தையற்காரரின் ஏழை வீடுகளிலே உணவு பெற்றனர். ஒரு கோட்டின் உட்புறத் தையலைப் பார்க்கும்போது இதுவும் நம் நினைவுக்கு வருதல் வேண்டும்.

பெண்களின் சவாரி உடையின் கதை இன்னும் கடுமையானது. 17ஆம் நூற்றாண்டிலேயே அரச மாளிகைப் பெண்கள் சவாரிக்கென ஆண்களின் மேற்சட்டை போன்றவற்றை அணிந்தனர். அதைக் கண்டு தமக்குப் பிடிக்கவில்லை என்று சாமுவேல் பீப்ஸ் 1666ஆம் ஆண்டில் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். இடுப்புக்கு மேலே ஆணின் உடை. இடுப்புக்குக் கீழே நிலத்தில் புரளும் பாவாடை. மேற்பகுதியைப் பீப்ஸ் போன்றோர் முணுமுணுப்போடு சகித்துக்கொண்டனர். கீழ்ப்பகுதியில் மாற்றத்துக்கு இடமில்லை. ஏனெனிற் பெண் கால்களை விரித்துக் குதிரையில் இருத்தல் ஆகாது. இரு கால்களையும் இடப்பக்கமாகவே தொங்கவிட்டு, ஒருபக்கச் சேணத்தில் அவள் இருக்க வேண்டும்.

அந்தச் சேணத்திலே 1830ஆம் ஆண்டளவில் இரண்டாவது கொம்பொன்று சேர்க்கப்பட்டது. கால்களை அதிற் பிணைத்துக்கொண்டு பெண்களும் வேலிகளைத் தாண்டலாயினர். நன்மைதான், ஆனால் விழுந்தால் பாவாடை கொம்பிற் சிக்கும். குதிரை ஓடும்; பெண் அதனோடு இழுபட்டுப் போவாள். பலர் இவ்வாறு ஊனமுற்றனர், இறந்தனர். பாவாடையே ஆகாதென்று விட்டுவிடுவதுதானே எளிய வழி? அந்த எளிய வழியை விக்டோரியா காலச் சமூகம் ஏற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலிலே, சிக்கினால் தானே பிரிந்துவிடும் 'பாதுகாப்புப் பாவாடை'களைத் தையற்காரர் உருவாக்கினர். அதன் முடிந்த வடிவம் ஒரு முன்றானை மட்டுமே. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குப் பாவாடை. உண்மையிலே உள்ளே இருப்பது காற்சட்டை. குதிரையிலிருந்து இறங்கியதும் அம்முன்றானையைச் சுற்றிவளைத்துப் பின்னே பொத்தானிட்டு மறைக்க வேண்டும். ஒரு சமூகம் தன் பொய்யைத் தானே அளவெடுத்துத் தைத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை.

அப்பொய்யை உடைத்தது நாகரிக நடையுடை எழுத்தாளரின் பேனா அன்று. 1913ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி, வாசிங்டனில் வாக்குரிமை கோரிய பெண்களின் ஊர்வலத்துக்கு முன்னே இனெஸ் மில்ஹோலண்ட் வெண்குதிரையிலே ஆண்களைப் போல இருபுறமும் காலிட்டுச் சென்றார். அதை அடுத்து வந்த உலகப் போரில் ஆண்கள் அகழிகளுக்குச் சென்றனர். பிரித்தானிய இராணுவத்துக்குக் குதிரைகளைப் பழக்கும் நிலையங்களிலே பெண்கள் காற்சட்டையுடன் வேலை செய்தனர். வயல்களிலும் அவ்வாறே. போர் முடிந்த பின்னர் அவர்களை மீண்டும் பாவாடைக்குள் அடைப்பது இயலாததாயிற்று. ஆயினும் சடங்குகள் மெல்லவே சாகின்றன. இரண்டாம் எலிசபெத் அரசியார் தமது பிறந்தநாள் அணிவகுப்புக்கு 1986ஆம் ஆண்டுவரை ஒருபக்கச் சேணத்திலேயே வந்தார்.

இனிப் பெட்டியிலுள்ள காற்சட்டை. முழங்காலின் கீழ் ஒட்டியும் தொடையில் விரிந்தும் இருக்கும் இதன் பெயர் 'ஜோத்பூர்'. இராசபுதனத்தின் ஜோத்பூர் சமஸ்தானத்துச் சேர் பிரதாப் சிங் 1897ஆம் ஆண்டிலே, விக்டோரியா மகாராணியாரின் அறுபதாண்டு விழாவுக்குப் போலோ ஆட்டக்காரருடன் இலண்டனுக்குச் சென்றார். அவர்கள் அணிந்த காற்சட்டையைக் கண்ட ஆங்கிலக் கனவான்கள் தம் தையற்காரரிடம் ஓடினர். சூடிதாரின் வழிவந்த இந்த உடுப்பிலே கணுக்கால்வரை துணி இருந்தது. நெடிய சப்பாத்து வேண்டியதில்லை. ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களிடமிருந்து காற்சட்டையை எடுத்துக்கொண்டு, பின்னர் அதையே துரைத்தனத்தின் அடையாளமாகக் குடியேற்ற நாடுகளுக்கு அணிந்து வந்தனர். நமது மலைநாட்டிலே துரை குதிரையில் மலைச்சரிவைச் சுற்றிவர, அக்குதிரைக்குப் பின்னே வெறுங்காலுடன் ஓடிய தமிழ்க் குதிரைக்காரனுக்குச் சவாரி உடை என்று எதையும் எவரும் வகுக்கவில்லை.

தொடைப்பக்கம் புடைத்திருந்தது அழகுக்காக அன்று. நெய்த துணி நீளாது. இறுகத் தைத்தால் காலை உயர்த்தி அங்கவடியில் வைக்க முடியாது. 1958ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டியுபொண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற இரசாயன அறிஞர் ரப்பர்போல நீளும் செயற்கை இழையை உருவாக்கினார். அந்த இழை சவாரித் துணியிற் கலந்ததும் புடைப்புக்குத் தேவையில்லாது போயிற்று. ஆகவே பெட்டியிலுள்ள பழைய காற்சட்டையைத் திருத்துவதிற் பயனில்லை. புதியது வாங்குவதே நன்று. துவைப்பதும் எளிது.

இராணுவ அதிகாரிகளின் காலம் வேறொரு வகையிற் காட்சியரங்கிலே நிலைத்து நின்றது. ஒலிம்பிக் போட்டிகளிலே குதிரைப் பயிற்சிப் போட்டி 1948ஆம் ஆண்டுவரை இராணுவ அதிகாரிகளுக்கும் 'கனவான்'களுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. சாதாரணப் படைவீரனும் சார்ஜன்டும் இந்த இரண்டிலும் அடங்கார். பெண்ணும் அடங்காள். 1948ஆம் ஆண்டு இலண்டன் போட்டியிலே சுவீடன் அணி தங்கப் பதக்கம் பெற்றது. அணியிலிருந்த கேனல் பெர்சன் உண்மையில் அதிகாரி அல்லர்; போட்டிக்காகவே அவருக்குத் தற்காலிகமாக லெப்டினன்ட் பதவி கொடுக்கப்பட்டிருந்தது. போட்டி முடிந்து சில வாரங்களுள் அவர் பழைய நிலைக்கு இறக்கப்பட்டார். செய்தி வெளிவந்தது, 1949இல் சுவீடனின் பதக்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சுக்கு வழங்கப்பட்டது. அவர் அணிந்திருந்த தொப்பி அதிகாரிகளுடையது அன்று என்பதாலேயே குட்டு வெளிப்பட்டது என்றொரு கதையும் வழங்குகிறது. தொப்பியோ பதவியோ, பெர்சனின் குதிரையேற்றத்தில் எவரும் குறை கண்டிலர். அவருடைய பிறப்பும் பதவியுமே குறையாயின.

அந்த வெட்கக்கேட்டின் பின் விதி மாறியது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் அதே பெர்சன் மீண்டும் அணித் தங்கம் பெற்றார். அதே அரங்கிலே டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் என்ற பெண் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1944இல் இளம்பிள்ளைவாதத்தாற் பாதிக்கப்பட்ட அவருக்கு முழங்காலின் கீழ் கால்கள் செயலிழந்திருந்தன. குதிரையில் ஏற்றவும் இறக்கவும் பிறர் வேண்டும். பதக்க மேடைக்கு அவரைத் தாங்கி ஏற்றியவர், தங்கம் பெற்ற சுவீடன் இராணுவ அதிகாரி ஹென்றி செயின்ற் சீர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அந்த அரங்கின் வாயிலில் நிற்கவும் உரிமையற்றிருந்த ஒரு பெண், அதன் மேடையில் நின்றார்.

எஞ்சியது தொப்பி. பெட்டியிலே எல்லாவற்றிலும் அழகானது அதுவே. எல்லாவற்றிலும் ஆபத்தானதும் அதுவே. அரக்குப் பூசி இறுக்கிய துணியோட்டின்மேல் வெல்வெட்டைப் போர்த்துச் செய்த பழைய தொப்பி, விழுபவரின் மண்டையைக் காப்பதில்லை. பலவற்றில் நாடிப்பட்டியும் கிடையாது. தரையை அடையுமுன் தொப்பி வேறு, தலை வேறாகிவிடும். உயர்ந்த பட்டுத் தொப்பியோ இன்னும் மோசம். எனினும் உயர்நிலைப் போட்டிகளில் அதுவே கௌரவமாகக் கருதப்பட்டது. 2010ஆம் ஆண்டு மார்ச்சிலே அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங் டை பயிற்சியின்போது தலைக்கவசமின்றி விழுந்து, வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். அதன்பின் மனங்கள் மாறத் தொடங்கின. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் சார்லட் டுஜார்டின் தலைக்கவசத்துடன் வந்து தங்கம் பெற்றார். 2021 சனவரி 1ஆம் திகதி முதல் சர்வதேசப் போட்டிகளிற் பட்டுத் தொப்பிக்கு இடமில்லை. அப்போதும் 'மரபு போய்விட்டதே' என்று கலங்கியோர் இருந்தனர். மரபு என்பது மண்டையோட்டைவிடப் பெறுமதியானது என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தொப்பியைச் சுவரில் மாட்டிவிடலாம், அணியலாகாது. புதிய தலைக்கவசத்தையும் ஒருமுறை பலமாக அடிபட்டால் மாற்ற வேண்டும். உள்ளேயிருக்கும் நுரைப்பொருள் நசுங்கியே அடியைத் தாங்குகிறது. நசுங்கியது மீண்டும் எழாது. செலவுதான். முழுமையான காட்சி உடை இன்றும் ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு எளிதில் எட்டுவதன்று. அதனாலேயே பிறர் அணிந்து விட்ட கோட்டுகளுக்கும் சப்பாத்துகளுக்கும் தனிச் சந்தை உண்டு. தலைக்கவசத்தை மட்டும் அச்சந்தையில் வாங்கலாகாது.

கோட்டோ பிழைத்துவிடும். கரட்டுக் கம்பளிக் கோட்டு உள்ளூர்க் காட்சிகளில் இன்றும் ஏற்புடையது. உட்துணி கிழிந்திருந்தால் புதிதிடலாம், பொத்தான் மாற்றலாம், கையை நீட்டலாம். உடல் பெருத்திருந்தாலும் கவலையில்லை. நல்ல தையற்காரர் முதுகுத் தையலிலும் பக்கத் தையல்களிலும் உள்ளே சிறிது துணியை மிகையாக மடித்து விடுவது வழக்கம். அணிபவருக்கு வயதேறும் என்பது அவருக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் அத்தையலைப் பிரிக்கும்போது, வெயிலோ மழையோ படாத அந்த ஒடுங்கிய பட்டை, நெய்த நாளின் நிறத்தோடு வெளிவருகிறது. புதிய தையலை ஒட்டி, கோட்டின் இரு பக்கத்திலும் அது ஒரு கருங்கோடாகச் சில காலம் தெரியும்.